ஈரத்துக்கு ஆறு எண்கள்

0.85, 1.0, 0.97, 0.67, 0.8, 0.9.

அமெரிக்காவில் மரத்தால் வீடும் பாலமும் கட்டுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் விதிநூல் ஒன்று உண்டு. 'நேஷனல் டிசைன் ஸ்பெசிஃபிகேஷன்' என்று பெயர். முதல் பதிப்பு 1944-இல் வந்தது. அதன் இணைப்பு நூலில், இரண்டு முதல் நான்கு அங்குலம் வரை கனமுள்ள அறுத்த மரச் சட்டங்களுக்கான பட்டியலை ஒட்டி, ஒரு சின்னக் கட்டத்துக்குள் இந்த ஆறு எண்களும் ஒரே வரியாக நிற்கின்றன. சட்டத்தின் ஈரப்பதம் நீண்ட நாளைக்கு 19 சதவீதத்தைத் தாண்டி இருக்குமானால், பட்டியலில் உள்ள மதிப்புகளை இவற்றால் பெருக்கிக் குறைத்துக்கொள்ள வேண்டும். வளைவுக்கு 0.85. இழுப்புக்கு 1.0. நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும் சறுக்கு விசைக்கு 0.97. நாருக்குக் குறுக்கே நசுக்கினால் 0.67; நார் ஓடும் திசையிலேயே அமுக்கினால் 0.8. விறைப்புக்கு 0.9.

கணக்குப் போடுகிறவர்கள் பெருக்கிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். நான் இந்த வரியில் நின்றுவிடுகிற ஆள். நனைந்த மரத்துக்குப் பலம் குறைவு என்று சொல்ல ஓர் எண் போதுமே, ஆறு எதற்கு? ஆறும் ஆறு விதமாக ஏன்? அவற்றில் ஒன்று மட்டும் ஈரத்தைச் சட்டை செய்யாமல் 1.0 என்று முழுசாக நிற்கிறதே, அது எப்படி? போதாக்குறைக்கு 0.85-க்கும் 0.8-க்கும் தலையில் நட்சத்திரக் குறி வேறு. அந்தக் குறிகள் காட்டும் அடிக்குறிப்பில்தான் இந்த வரியின் உயிர் இருக்கிறது என்பேன். அங்கே போவதற்கு முன்னால், மரத்துக்குள் தண்ணீர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

ஈரப்பதம் என்ற கணக்கே கொஞ்சம் வேடிக்கையானது. மரத்துண்டை எடை போட்டு, 103 டிகிரி செல்சியஸ் சூட்டில் எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை உலர்த்தி, மறுபடியும் எடை போடுவார்கள். வெளியேறிய தண்ணீரின் எடையை, மிஞ்சிய மரத்தின் எடையால் வகுப்பார்கள். மொத்த எடையால் அல்ல. அதனால் விடை நூறைத் தாண்டலாம். சில மரங்களின் பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியில் அது இருநூறைக்கூடத் தொடும்; மரத்தைப்போல் இரண்டு மடங்கு எடைத் தண்ணீர் அதற்குள் இருக்கிறது என்று பொருள்.

இந்தத் தண்ணீர் முழுவதும் ஒரே குணமுள்ளதல்ல. மரம் என்பது நெடுக ஓடும் நுண்ணிய குழல்களின் கட்டு. குழலின் பொந்தில் நிற்கும் தண்ணீர் ஒருவகை. குழலின் சுவருக்குள் ஊறிப்போய், சுவரின் மூலக்கூறுகளோடு பிணைந்து கிடக்கும் தண்ணீர் இன்னொரு வகை. காயும்போது முதலில் போவது பொந்துத் தண்ணீர். அது போகும்போது எடை குறைகிறதே தவிர மரம் சுருங்குவதில்லை, பலம் கூடுவதில்லை, ஒன்றுமே நடப்பதில்லை. பொந்து காலியாகி, சுவர் மட்டும் முழுக்க ஊறி நிற்கும் ஒரு கட்டம் வருகிறது. பெரும்பாலான மரங்களுக்கு அது 25-க்கும் 30-க்கும் இடைப்பட்ட சதவீதம். அதற்குக் கீழே ஒவ்வொரு சதவீதம் இறங்கும்போதும் மரம் சுருங்குகிறது, இறுகுகிறது, பலம் ஏறுகிறது.

இதைச் சோதனையில் பிரித்துக் காட்டியவர் ஹாரி டொனால்டு டீமன் என்ற அமெரிக்கர். 1906-இல் அமெரிக்க வனத்துறை வெளியிட்ட அவருடைய அறிக்கையில், ஈரம் குறையக் குறைய வலிமை எப்படி மாறுகிறது என்பதற்கான கோடுகள் இருக்கின்றன. கோடு வெகுதூரம் தட்டையாகவே போகிறது. நூறு சதவீதமோ ஐம்பதோ, வலிமையில் மாற்றமில்லை. பிறகு ஓரிடத்தில் மடிந்து, சரேலென்று மேலே ஏறுகிறது. நனைந்தது, இன்னும் நனைந்தது, சொட்டச் சொட்ட நனைந்தது என்ற வேறுபாடெல்லாம் பார்க்கிற கண்ணுக்குத்தான். மரத்துக்குக் கணக்கு, சுவர் ஊறிவிட்டதா இல்லையா என்பது மட்டுமே.

அறுத்துக் கட்டிய மரம் முழுக்கக் காய்ந்துவிடுவதும் இல்லை. சுற்றியிருக்கும் காற்றோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்து நிற்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரம் ஏறத்தாழ 12-இல் நிற்கும். காற்று 80-க்குப் போனால் மரம் 16-ஐ ஒட்டி நிற்கும். அதிலும் ஒரு நுட்பம்: அதே காற்றில், ஈரத்திலிருந்து காய்ந்து வந்த துண்டு, காய்ந்த நிலையிலிருந்து ஈரம் ஏற்றிக்கொண்ட துண்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தான் எந்த வழியாக வந்தோம் என்பதை மரம் மறப்பதில்லை. விதிநூலின் 19 என்ற எல்லை இந்தப் பின்னணியில்தான் வருகிறது. கூரைக்குக் கீழே, நல்ல காற்றோட்டத்தில் இருக்கும் சட்டம் 19-க்கு உள்ளே இருக்கும். அமெரிக்க மரக்கடைகளில் சட்டத்தின்மேல் 'எஸ்-டிரை' என்று முத்திரை இருந்தால், இழைக்கும்போதே ஈரம் 19-ஐத் தாண்டவில்லை என்று பொருள்.

இனி எண்கள். பட்டியலின் வரிசையில் போகாமல், அடி அதிகம் வாங்கியதிலிருந்து தொடங்குகிறேன்.

0.67. உத்திரம் சுவரின்மேல் உட்காரும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாரம் நாருக்குக் குறுக்கே இறங்குகிறது. குழல்களைப் படுக்க வைத்து மேலிருந்து நசுக்குவதுபோலத்தான். நீளவாக்கில் ஓடும் செல்லுலோஸ் இழைகள்தான் மரத்தின் முதுகெலும்பு. ஆனால் இந்த நசுக்கலில் அவற்றுக்கு அதிக வேலையில்லை. பாரத்தைத் தாங்குவது இழைகளுக்கு நடுவே நிரம்பியிருக்கும் ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் சேர்ந்த பிசின். தண்ணீர் போய் ஒட்டிக்கொள்ள விரும்புவதும் அந்தப் பிசினில்தான், குறிப்பாக ஹெமிசெல்லுலோஸில். செல்லுலோஸின் படிக ஒழுங்குக்குள் தண்ணீருக்கு நுழைய இடமில்லை. அதனால் ஈரம் ஏறும்போது பிசின், மழைக்காற்று பட்ட அப்பளம்போலத் தன் மொறுமொறுப்பை விட்டுவிடுகிறது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வளரும் டக்ளஸ் ஃபிர் மரத்தில் கணுவில்லாத சிறு துண்டுகளை எடுத்துச் சோதித்த பழைய அளவுகள் அமெரிக்க மரக் கையேட்டில் இருக்கின்றன. குறுக்கே நசுக்க, காயாத பச்சை நிலையில் 2.6 மெகாபாஸ்கல், 12 சதவீதத்தில் 5.5. இரண்டு மடங்குக்கும் மேல். விதிநூல் 0.67 என்று இதைவிட மென்மையாக வெட்டுவதற்குக் காரணம், அதன் 'காய்ந்த' மரம் 12-இல் நிற்பதல்ல, 19 வரைக்கும் போகக்கூடியது. ஆனாலும் வரியிலேயே ஆகத் தாழ்ந்த எண் இதுதான்.

0.8. இப்போது தூண். பாரம் நார் ஓடும் திசையிலேயே இறங்குகிறது. செல்லுலோஸ் இழைகள் நேராக நின்று சுமக்கின்றனவே, இங்கே ஈரம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். அங்கேதான் அழகு. செல்லுலோஸ் இழை மகா மெல்லியது. மெல்லிய கம்பி எதுவும் தலையில் பாரம் ஏற்றினால் நொறுங்குவதற்கு முன்னால் பக்கவாட்டில் வளைந்து ஒதுங்கப் பார்க்கும். அதை ஒதுங்கவிடாமல் இரு பக்கமும் பிடித்துக்கொண்டிருப்பது பிசின். பிசின் ஊறி இளகினால் பிடி தளர்கிறது, இழை மடிகிறது. முறிந்த தூணின் பக்கத்தைக் கூர்ந்து பார்த்தால், நாருக்குச் சாய்வாக ஒரு மெல்லிய மடிப்புக் கோடு ஓடுவது தெரியும்; இழைகள் சேர்ந்து மடிந்த தடம் அது. டக்ளஸ் ஃபிரின் நெடுக்கு அமுக்க வலிமை பச்சையில் 26.1, காய்ந்தால் 49.9. சுமப்பவனுக்குக் கேடு இல்லை. சுமப்பவனைப் பிடித்திருப்பவனுக்குத்தான் கேடு. பலம் பாதியாகிவிடுகிறது.

இந்த 0.8-ஐப் படித்த கையோடு 1.0-ஐப் படிக்க வேண்டும். அதே மரம், அதே திசை. தலையில் அமுக்காமல் இரு முனையையும் பிடித்து இழுங்கள். இழை வளைந்து ஒதுங்க வழியே இல்லை. இழுக்க இழுக்க நேராகிறது. பிடித்துக்கொள்ள ஆள் தேவையில்லை. பிசின் இளகினால் இளகட்டும். கணுவில்லாத சுத்தமான மரத்தில் காயும்போது இழுவலிமை ஓரளவு கூடத்தான் செய்கிறது. ஆனால் சந்தையில் கிடைக்கும் சட்டத்தில் அந்த ஆதாயத்தைக் கணுக்கள் தின்றுவிடுகின்றன. கடைசியில் மிஞ்சுவது 1.0. ஒரே சட்டத்தை அமுக்கினால் ஈரம் ஐந்தில் ஒரு பங்கைப் பறிக்கிறது. இழுத்தால் ஒன்றையும் பறிப்பதில்லை. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரத்தில் மரத்தின் நுண் அமைப்பு முழுவதும் எழுதிக் கிடக்கிறது. நுண்ணோக்கி இல்லாமலே படிக்கலாம்.

0.97-ஐ வேகமாகக் கடந்துவிடலாம், ஆனால் ஒரு வார்த்தை. சறுக்கு விசையைத் தாங்குவதும் பிசின்தானே, அப்படியானால் இது ஏன் 0.67-க்குப் பக்கத்தில் விழவில்லை? கணுவில்லாத டக்ளஸ் ஃபிர் காய்ந்தால் 6.2 மெகாபாஸ்கலிலிருந்து 7.8-க்கு ஏறத்தான் செய்கிறது. ஆனால் காய்கிற சட்டம் வெடிக்கவும் செய்கிறது. முனைகளில் நீளவாக்கில் விழும் அந்த வெடிப்புகள், சறுக்கு விசை நார்களைப் பிரிக்கப் பார்க்கும் அதே திசையில் ஏற்கெனவே பிரித்துவைத்துவிடுகின்றன. காய்தல் ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்டபின் நிற்கும் பாக்கிதான் அந்த நூற்றில் மூன்று.

0.9-க்கு நட்சத்திரம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வலிமை என்பது சட்டத்தின் ஆக மோசமான ஓர் இடத்தின் சமாசாரம். ஒரு பெரிய கணு போதும், மொத்தச் சட்டமும் அதன் தரத்துக்கு இறங்கிவிடும். விறைப்பு அப்படியல்ல. பாரத்தின்கீழ் எவ்வளவு தொய்யும் என்பதை நீளம் முழுவதும் சேர்ந்து தீர்மானிக்கிறது. ஒரு கணு அதில் பெரிதாக வாய் திறக்க முடியாது. அதனால் நல்ல சட்டம், மட்டமான சட்டம் என்ற பேதமில்லாமல் எல்லாவற்றுக்கும் ஒரே 0.9.

இதற்குள் இன்னொரு குறும்பும் ஒளிந்திருக்கிறது. ஈர மரம் இளக்கமானது, சரி. ஆனால் ஈர மரம் பருத்தது. டக்ளஸ் ஃபிர் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது ஆரத் திசையில் 4.8 சதவீதமும் வளையங்களின் போக்கில் 7.6 சதவீதமும் சுருங்குகிறது. 15 சதவீத ஈரம் வரை மட்டும் காய்ந்தால் அதில் ஏறக்குறையப் பாதி. அகலத்திலும் உயரத்திலும் சராசரியாக மூன்று சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். உத்திரத்தின் தொய்வு, உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தையும் அகலத்தையும் பொறுத்தது. ஆக, மூன்று சதவீதம் சுருங்கியபின் மிஞ்சும் 0.97-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும், கிடைப்பது 0.885. காய்ந்ததால் மரத்தின் விறைப்பு 0.9-இலிருந்து 1-க்கு ஏறியது, அதாவது பதினொரு சதவீத லாபம். உருவம் சிறுத்ததால் பதினொன்றரை சதவீத நட்டம். இரண்டையும் பெருக்கினால் 0.98. அந்த உத்திரம் நனைந்திருந்தபோது தொய்ந்த அளவுக்கே காய்ந்தபின்னும் தொய்கிறது. சரக்கு உயர்ந்தது, உருவம் சிறுத்தது, காரியம் மாறவில்லை.

மரம் அறுப்பவர்கள் இந்தச் சுருக்கத்தை ஒரு நூற்றாண்டாகக் கையாள்கிறார்கள். அமெரிக்க மரக்கடையில் 'இரண்டுக்கு நான்கு' என்று விற்கும் சட்டம் காய்ந்த நிலையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். அதையே பச்சையாக இழைத்து விற்றால் ஒவ்வொரு பக்கமும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூட்டி இழைக்க வேண்டும் என்பது தர விதி. வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்க் காய்ந்தபின் அளவு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக.

இனி 0.85, அதன் தலையில் உள்ள நட்சத்திரம்.

வளையும் உத்திரத்தில் மேல்பாதி அமுங்குகிறது, கீழ்பாதி இழுபடுகிறது. மேலே 0.8-இன் ஆட்சி, கீழே 1.0-இன் ஆட்சி. நடுவில் ஏதோ ஓர் எண் வருவது நியாயம்தான் என்று தோன்றும். ஆனால் அடிக்குறிப்பைப் படித்தால் எண் ஆட்டம் காண்கிறது. வளைவுக்கு அனுமதிக்கப்பட்ட அழுத்தம், உருவளவுக்கான திருத்தத்தோடு சேர்த்து, சதுர அங்குலத்துக்கு 1150 பவுண்டுக்கு மேற்படாவிட்டால் 0.85 வேண்டாம், 1.0 போதும் என்கிறது அது. நெடுக்கு அமுக்கத்தின் நட்சத்திரமும் இதே ஜாதி. அங்கே எல்லை 750 பவுண்டு. அதாவது, இந்த இரண்டிலும் மட்டமான மரத்துக்கு ஈரத்தால் நட்டமே இல்லை! நல்ல மரத்துக்கு மட்டும் தண்டனை.

இது எந்தப் பொது அறிவிலும் வராது. வந்த விதம் சுவாரசியமானது. நெடுங்காலமாக மரத்தின் வலிமையைச் சோதித்தவர்கள் கணுவில்லாத, நேர் நாருள்ள சிறு துண்டுகளைத்தான் முறித்தார்கள். இரண்டு அங்குலச் சதுரம், முப்பது அங்குல நீளம். மரத்தின் இயல்பை அறிய அது சுத்தமான வழி. அந்தத் துண்டுகளில் ஈரத்தின் விளைவு தெளிவாகவே இருந்தது. டக்ளஸ் ஃபிர் வளைவில் 53 மெகாபாஸ்கலிலிருந்து 85-க்கு ஏறியது. அந்த ஏற்றத்தை அப்படியே கடைச் சட்டங்களுக்கும் கொடுத்துவந்தார்கள். 1970-களில் வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் போர்க் மேட்சன் என்ற பொறியாளர் வேறொரு கேள்வி கேட்டார். வீட்டில் போய் உட்காரப்போவது கணுவுள்ள முழுச் சட்டம்தானே, அதையே முறித்துப் பார்த்தால் என்ன? பார்த்தார். பச்சைச் சட்டங்கள் ஒரு கூட்டம், காய்ந்த சட்டங்கள் ஒரு கூட்டம். இரண்டையும் மெலிந்ததிலிருந்து வலியது வரை வரிசைப்படுத்தி ஒப்பிட்டார். வரிசையின் மேல் முனையில், வலிய சட்டங்களில், காய்ந்த கூட்டம் தெளிவாக முந்தியது. கீழே இறங்க இறங்க இடைவெளி குறுகி, மெலிந்த சட்டங்களில் காய்ந்ததற்கும் பச்சைக்கும் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனது.

காரணம், முறிகிற விதம். நல்ல சட்டம் வளையும்போது முதலில் சரணடைவது மேல்பாதி. அமுக்கத்தில் இழைகள் மடியத் தொடங்கும். காய்தல் பலமூட்டுவது அந்த அமுக்கத்துக்குத்தான். அதனால் நல்ல சட்டம் ஆதாயத்தை முழுசாக வாங்கிக்கொள்கிறது. கணுவுள்ள சட்டம் அந்தக் கட்டம் வரைக்கும் போவதே இல்லை. கணுவைச் சுற்றி நார் வளைந்து ஓடுகிறது. கீழ்பாதியில் இழுவிசை அந்த வளைவைப் பிளக்கிறது. மேல்பாதி தன் பலத்தைக் காட்டுவதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறது. காய்ந்து மேல்பாதி எவ்வளவு பலமேறியிருந்தாலும் அதற்கு மேடை கிடைக்கவில்லை. ஈரம் வந்து பறிக்கவும் அங்கே ஒன்றுமில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பின்னர் முழுச் சட்டங்களை இப்படி எழுபதாயிரத்துக்கு மேல் முறித்துப் பார்த்தார்கள். 1991 பதிப்பின் எண்கள் அந்த முறிவுகளிலிருந்து எழுந்தவை. ஒரு நட்சத்திரமும் அதற்குக் கீழே ஒன்றரை வரியும். அதற்குப் பின்னால் லாரி லாரியாக உடைந்த மரம். விதிநூல்களை உலர்ந்த எழுத்து என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

கனத்த மரங்களுக்கு வேறு பட்டியல், வேறு வரி. ஐந்து அங்குலமும் அதற்கு மேலும் கனமுள்ள உத்திரங்களுக்கும் தூண்களுக்கும் 1.00, 1.00, 1.00, 0.67, 0.91, 1.00. முதல் பார்வைக்கு, பெரிய மரத்துக்கு ஈரம் ஒன்றும் செய்யாதுபோல் இருக்கும். உண்மை நேர்மாறு. கனத்த உத்திரம் உள்வரை காய ஆண்டுக்கணக்காகும். பெரும்பாலும் பச்சையாகவே கட்டடத்தில் ஏறிவிடும். வெளித்தோல் காய்ந்து சுருங்க, உள்ளே ஊறிய நடுப்பகுதி சுருங்க மறுக்க, பக்கங்கள் வெடிக்கும். காய்ந்ததால் வரும் லாபத்தை வெடிப்பு கழித்துவிடும். எனவே கனத்த மரத்துக்கு வளைவில் காய்ந்த லாபத்தை விதிநூல் தொடக்கத்திலேயே எழுதவில்லை. கொடுக்காததைத் திரும்ப வாங்க முடியாது, அதனால் 1.00. குறுக்கு நசுக்கலின் 0.67 மட்டும் இந்த வரியிலும் அசையாமல் நிற்கிறது. நீளவாக்கில் ஓடும் வெடிப்புகளுக்கு அந்த நசுக்கலில் பெரிய பங்கில்லை என்பது என் வாசிப்பு.

கனத்த மரம் என்றதும் தமிழ் வாசகருக்குச் செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்கள் நினைவுக்கு வரும். அந்தத் தேக்கு நின்றபடியே காய்ந்து வந்தது. வெட்டுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னரே அடிமரத்தைச் சுற்றி, பட்டையையும் வெள்ளையையும் தாண்டி வைரம் வரைக்கும் வளையமாக வெட்டிவிடுவார்கள். மரம் நின்ற இடத்திலேயே பட்டுக் காயும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஐராவதி வழியே மிதக்கவிட்டு இறக்க வேண்டுமானால் காட்டிலேயே கனம் இறங்கியாக வேண்டும் என்பதுதான் நோக்கம். தச்சனுக்குக் கிடைத்த அனுகூலம் உபரி.

தேக்கின் எண்களே தனி நயம். அமெரிக்கக் கையேட்டின்படி வளைவு வலிமை பச்சையில் 80 மெகாபாஸ்கல், காய்ந்தால் 100-ஐ ஒட்டி. டக்ளஸ் ஃபிர் பச்சையில் தன் காய்ந்த வலிமையின் அறுபத்திரண்டு சதவீதத்தில் நிற்க, தேக்கு எண்பதில் நிற்கிறது. சுருக்கமும் அப்படியே: ஆரத் திசையில் 2.5, வளையங்களின் போக்கில் 5.8. தேக்கின் எண்ணெய்ப் பசையான சாறுகள் சுவருக்குள் முன்கூட்டியே இடம்பிடித்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். தண்ணீருக்கு மிச்சமிருக்கும் இடம் குறைவு. இன்னொரு எண் இன்னும் ருசியானது. முறிவை எட்டும்வரை மரம் எவ்வளவு ஆற்றலை விழுங்குகிறது என்று அளப்பார்கள். தேக்கு பச்சையில் ஒரு கன மீட்டருக்கு 92 கிலோஜூல் விழுங்குகிறது, காய்ந்தபின் 83. பலம் ஏறி, பொறுமை இறங்கிவிட்டது. பச்சைக் கம்பு வளையும், காய்ந்த சுள்ளி ஒடியும் என்று விறகு பொறுக்கும் பிள்ளைக்குத் தெரிந்ததுதான் இது. ஆனால் எல்லா மரத்துக்கும் இப்படியில்லை. டக்ளஸ் ஃபிர் காய்ந்தால் 52-இலிருந்து 68-க்கு ஏறுகிறது.

பலகைகளை அடுக்கி ஒட்டிய உத்திரங்களுக்கு வரி இன்னும் கறாரானது: 0.8, 0.8, 0.875, 0.53, 0.73, 0.833. அங்கே எல்லை 16 சதவீதத்திலேயே வந்துவிடுகிறது, இழுப்பும் 1.0-இல் தப்பவில்லை. ஒட்டுவதற்கு முன் பலகைகளை நன்றாக உலர்த்தி, கணுப் பார்த்துப் பொறுக்கி அடுக்குகிறார்கள். காய்தலின் லாபம் முழுவதும் கணக்கில் ஏறியிருக்கிறது. நிறையப் பெற்றவன் நனைந்தால் நிறைய இழக்கிறான். மேட்சன் சட்டங்களில் கண்டது இங்கே தொழிற்சாலை அளவில்.

இத்தனையும் சொல்லும் இந்த வரிகள் ஒன்றைப் பற்றி வாய் திறப்பதில்லை: காலம். 1960-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆர்ம்ஸ்ட்ராங்கும் கிங்ஸ்டனும் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். பாரம் ஏற்றிய மரத் துண்டு ஒன்றைக் காய்ந்தே வைத்தால் மெல்லத் தொய்கிறது. ஈரமாகவே வைத்தால் அதைவிடச் சற்றுக் கூடுதலாக. ஆனால் பாரத்தோடு இருக்கும்போதே அதன் ஈரம் மாறினால், இரண்டையும் தூக்கியடிக்கும் அளவுக்குத் தொய்கிறது. நனைந்திருப்பதல்ல பெரிய கேடு. பாரத்தின்கீழ் காய்வதும் ஊறுவதுமாக இருப்பதுதான். காயும்போது தொய்வு கூடும், மறுபடி ஈரம் ஏறும்போது கொஞ்சம் நிமிரும், அடுத்துக் காயும்போது முன்பைவிடக் கீழே போகும். தண்ணீர் சுவரைவிட்டு வெளியேறும்போதும் உள்ளே வரும்போதும் மூலக்கூறுகளின் பிணைப்புகள் அறுந்து மறுபடி கட்டப்படுகின்றன. பாரம் இருக்கும்போது அவை பாரம் தள்ளிய பக்கமே புதிதாகக் கட்டிக்கொள்கின்றன என்று விளக்குவார்கள். கனத்த உத்திரத்துக்கு இது குறைவாகவே உறைக்கும்; அதன் உள்ளுக்குப் பருவ மாற்றம் எட்டுவதே அரிது. மெல்லிய சட்டத்துக்குத்தான் ஆபத்து.

இதற்கு இரண்டு விதிநூல்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன. அமெரிக்க நூல், நிரந்தர பாரத்தின் உடனடித் தொய்வைக் காய்ந்த சட்டத்துக்கு 1.5-ஆலும், பச்சையாக ஏற்றியதற்கும் ஈர இடத்துக்கும் 2.0-ஆலும் பெருக்கச் சொல்கிறது. ஐரோப்பாவின் யூரோகோடு 5, வீட்டுக்குள் 0.6, கூரையுள்ள வெளியிடத்தில் 0.8, மழை படும் இடத்தில் 2.0 என்கிறது. இரண்டிலும் 2.0 இருக்கிறதே, ஒத்துப்போகிறார்கள் என்று அவசரப்படக்கூடாது. அமெரிக்க 2.0 மொத்தத் தொய்வு. ஐரோப்பிய 2.0, உடனடித் தொய்வுக்கு மேல் கூட்ட வேண்டியது. மொத்தம் மூன்று மடங்கு. இரண்டு நூலும் பக்கத்தில் விரிந்திருக்க, மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் இடத்துக்கு மெல்லிய சட்டங்களால் ஒரு நடைபாலத்தைக் கணக்கிட வேண்டியிருந்தால், நான் மூன்றை எடுப்பேன்.